நைலைத் தேடியவரும் வழி காட்டியவரும்

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில், கண்டி மன்னர் குடியேற்றிய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் எனக் கூறப்படும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்கின்றன. அம் முன்னோரை இத்தீவுக்குக் கொணர்ந்தது ஆபிரிக்காவைச் சுற்றிய கடற்பாதையாகும். அப்பாதையில் 1498ஆம் ஆண்டு வஸ்கொடகாமா கள்ளிக்கோட்டையை அடைந்தமை, கீழை ஆபிரிக்காவின் மாலிந்தித் துறையிற் கிடைத்த ஒரு மாலுமியின் துணையினாலேயே. அம் மாலுமி யாவர் என்பதை இன்று உறுதியாகக் கூறுவார் இலர்.

ஆபிரிக்காவின் உட்பகுதியிலும் இதுவே நிகழ்ந்தது. நைல் நதியின் தோற்றுவாயைத் தேடிச் சென்றோரின் கதையைப் பி.பி.சி. நிறுவனம் 1971இல் ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகமாகத் தயாரித்தது. அதில் வரும் பேர்ட்டன், ஸ்பீக், லிவிங்ஸ்டன், ஸ்டான்லி ஆகியோருடன் நம் நாட்டுக்குப் பழக்கமான ஒருவரும் இடம்பெறுகின்றார். அவரே சாமுவேல் பேக்கர். 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்து, 1855இல் இலங்கையை விட்டு நீங்கியவர்.

1863இல் கொண்டகோரோ என்னுமிடத்தில் பேக்கர் ஸ்பீக்கைச் சந்தித்தார். மேற்கே ஓர் ஏரி உண்டென மக்கள் சொல்லக் கேட்டிருந்த ஸ்பீக், அதனை அவருக்குத் தெரிவித்தார். நோயும் பசியும் வருத்த, துணைவி புளோரன்ஸுடன் நடந்த பேக்கர், 1864 மார்ச் 14ஆம் நாள் அவ்வேரியைக் கண்டார். ‘லூட்டா ந்சிகே’ என மக்கள் வழங்கிய அதற்கு ‘அல்பேர்ட்’ எனப் பெயரிட்டார். அவரது துணிவு மெய்யானது. ஆயினும் பெயருள்ள ஏரியையே அவர் ‘கண்டுபிடித்தார்’!

இனி, சிதி முபாரக் பொம்பே என்பாரை நோக்குங்கள். சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கர் அவர். விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பி, பேர்ட்டன், ஸ்பீக், ஸ்டான்லி, கமரன் ஆகிய நால்வரின் பயணங்களிலும் பங்குகொண்டார். இந்தியாவிற் கற்ற இந்துஸ்தானியே ஸ்பீக்குடன் அவர் உரையாடிய மொழி. இலண்டன் அரச புவியியற் கழகம் அவருக்கு வெள்ளிப் பதக்கமும், 1876இல் உபகாரச் சம்பளமும் வழங்கிற்று. எனினும், எத்தனை பாடநூல்களில் அவர் பெயர் உளது?

மாணவர்களே, இத்தகைய நாடகங்களைக் கண்டு மகிழுங்கள். அவற்றில் மூட்டை சுமப்போரையும் மொழி பெயர்ப்போரையும் கூர்ந்து பாருங்கள். விடைத்தாளில் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுமுன், ‘ஐரோப்பியருள் முதலிற் கண்டார்’ என்பதே பொருந்துமா எனச் சிந்தியுங்கள். இரண்டே சொற்களின் வேறுபாடுதான்; ஆனால் அங்கு தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் அச்சொற்களினாலேயே வரலாற்றில் இடம்பெறுகின்றனர்.