காகிதத்தில் பிறந்த சம்மட்டி

கொல்லன் பட்டறையைப் பார்த்திராதவர்கள் ஒரு காலத்தில் அநேகமாக இருந்திருக்க முடியாது. துருத்தி ஊத, உலையில் இரும்பு பழுக்கக் காயும். கொல்லன் அதைக் குறட்டால் எடுத்து அடைகல்லின் மேல் வைப்பான். எதிரே நிற்பவன் சம்மட்டியை ஓங்கி அடிப்பான். கலப்பைக் கொழுவுக்கும் வண்டிப் பட்டாவுக்கும் இந்த ஏற்பாடு போதும். ஆனால் அடிக்க வேண்டிய இரும்பு பனைமரத்தைவிடப் பருத்ததாக இருந்தால் என்ன செய்வது?

1839-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகருக்கு அருகே தொழிற்சாலை வைத்திருந்த ஜேம்ஸ் நாஸ்மித் என்பவருக்கு ஒரு கடிதத்தில் இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. ராட்சத யந்திரங்களை மனத்திலே கற்பித்துக் காகிதத்திலே வரைவது அவருடைய தொழில்.

யந்திரத்தை ஓட்டுகிறவரை நமக்குத் தெரியும். விற்கிறவரை அதைவிட நன்றாகத் தெரியும். அதை முதன் முதலில் கோடுகளாக வரைந்தவர் யார் என்று நாம் கேட்பதே இல்லை. கோயில் கோபுரத்தைப் பார்த்து அரசன் பெயரைச் சொல்லிவிட்டு ஸ்தபதியின் பெயரை மறந்துவிடுகிற வழக்கம்தான் இதுவும். ஆகவே நாஸ்மித்தின் கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல விரும்புகிறோம்.

அவர் 1808-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். தகப்பனார் அலெக்ஸாண்டர் நாஸ்மித் பெயர் பெற்ற சித்திரக்காரர். மலையையும் ஆற்றையும் வரைகிற வீட்டில் பிறந்த பிள்ளை, சக்கரத்தையும் உருளையையும் வரையத் தொடங்கினான். பையனாயிருக்கும்போதே சிறிய நீராவி யந்திரங்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் சர்வகலாசாலைப் பிரசங்கங்களுக்கு அநுமதிச் சீட்டு வாங்கினான். கண்ணால் கண்டதைக் கை வரைவதும், மனம் கண்டதைக் கை வரைவதும் ஒரே வித்தையின் இரண்டு படிகள் என்று நமக்குத் தோன்றுகிறது.

1829-ல் லண்டனுக்குப் போய், அக்காலத்தில் யந்திர வேலையில் ஈடிணையற்றவரான ஹென்றி மாட்ஸ்லேயைப் பார்த்தார். பணம் கொடுத்துத் தொழில் கற்கும் சீடர்களைச் சேர்ப்பதில்லை என்று கிழவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனினும் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார். அங்கே ஒருவன் உலையின் சாம்பலை வாரிக் கொண்டிருந்தான். அந்த வேலை கிடைத்தாலும் பாக்கியம் என்று நாஸ்மித் சொல்ல, கிழவரின் மனம் இளகிற்று. மறுமுறை நாஸ்மித் தாம் செய்த யந்திரத்தையும் வரைந்த படங்களையும் கொண்டுவந்து காட்டினார். அவற்றைப் பார்த்த மாட்ஸ்லே, தம் சொந்தப் பட்டறையிலேயே வாரம் 10 ஷில்லிங் சம்பளத்தில் அவரை உதவியாளராக வைத்துக் கொண்டார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதற்காக நாஸ்மித் தாமே ஒரு விளக்கடுப்பை வரைந்து, தகரத்தில் செய்வித்து, அதிலே சமைத்துச் சாப்பிட்டாராம்!

எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகும் வரையில் பென்ஸிலைத் தொடக் கூடாது. வேண்டாத ஒவ்வொரு ராத்தல் இரும்பையும் படத்திலேயே கழித்துவிட வேண்டும். மாட்ஸ்லேயிடம் அவர் கற்ற பாடங்கள் இவைதாம். காகிதத்தில் ஒரு கோட்டை அழிப்பதற்கு ரப்பர் போதும். வார்த்து முடித்த இரும்பை அழிப்பதற்கு முதலாளியின் சொத்தே போதாது.

பிறகு அவர் மாஞ்செஸ்டரில் ஒரு கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். கீழ்த்தளத்தில் கண்ணாடி அறுப்பவர் ஒருவர் குடியிருந்தார். ஒரு நாள் மாடியில் இருந்த யந்திர உத்தரம் ஒன்று தரையைப் பொத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிகளின் நடுவே இறங்கிற்று. கனமான யந்திரம் வரைகிறவர் அது நிற்கப் போகும் தரையையும் நினைக்க வேண்டும் அல்லவா? 1836-ல் பாட்ரிக்ராப்ட் என்னுமிடத்தில், கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் அருகே, வெறும் தரையின் மேல் பெரிய தொழிற்சாலையை நிறுவினார்.

அங்கேதான் அந்தக் கடிதம் வந்தது. புரூனெல் என்ற பிரசித்தி பெற்ற என்ஜினீயர், 'கிரேட் பிரிட்டன்' என்ற மாபெரும் இரும்புக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார். அதன் துடுப்புச் சக்கரங்களைத் தாங்க 30 அங்குலக் குறுக்களவுள்ள இரும்பு அச்சு வேண்டியிருந்தது. அதை அடித்துக் கொடுக்கத் தேசத்தில் ஒரு பட்டறையும் முன்வரவில்லை.

காரணம் இதுதான். அந்நாளைய பெரிய சம்மட்டி, நீண்ட கைப்பிடியின் நுனியில் பொருத்திய இரும்புத் தலை. சுழலும் சக்கரத்தின் பல் அதைத் தூக்கிவிடும். அது தன் கனத்தால் விழும். ஆனால் அது எழும்புகிற உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அடைகல்லின் மேல் மெல்லிய கம்பியை வைத்தால் விழுவதற்குத் தாராளமாக இடமிருக்கும். பருத்த இரும்பை வைத்தாலோ, அதுவே இடத்தை அடைத்துக்கொள்ளும். பலத்த அடி எங்கே வேண்டுமோ அங்கே செல்லத் தட்டுத்தான் விழும்!

நாஸ்மித் தம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். கைப்பிடியையே எடுத்துவிட்டார். அடைகல்லுக்கு நேர் மேலே, இரண்டு கால்களின் மேல், ஒரு நீராவி உருளையை நிறுத்தினார். உருளைக்குள்ளிருந்து கீழே இறங்கும் தண்டின் நுனியில் கனமான இரும்புக் கட்டி. நீராவியைக் கீழிருந்து விட்டால் கட்டி எழும்பும். வெளியே விட்டால் நேராக விழும். எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு உயரம். எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவு பலம். இத்தனையையும் அரைமணி நேரத்தில் வரைந்துவிட்டதாக அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

எல்லாரும் மெச்சினார்கள், ஆனால் யாரும் செய்யவில்லை. கப்பலுக்குத் துடுப்புச் சக்கரம் வேண்டாம், பின்புறத்தில் திருகு விசிறியே வைக்கலாம் என்று புரூனெல் மனம் மாறினார். பருத்த அச்சுக்குத் தேவையில்லாமல் போயிற்று. இங்கிலாந்தின் பட்டறை முதலாளிகளோ, இருக்கும் சம்மட்டிகளுக்கே வேலை இல்லை என்று கையை விரித்தார்கள். படம் புத்தகத்திலேயே கிடந்தது.

நாஸ்மித் ஊரில் இல்லாத ஒரு நாள், பிரான்ஸில் லெ கிரூஸோ என்ற ஊரின் தொழிலதிபர் ஷ்னெய்டரும், அவருடைய என்ஜினீயர் பூர்தோனும் பாட்ரிக்ராப்டுக்கு வந்தார்கள். கூட்டாளியான காஸ்கெல், விருந்தினரை உபசரிக்கும் உற்சாகத்தில் குறிப்புப் புத்தகத்தையே எடுத்துக் காட்டிவிட்டார். 1842-ல் நாஸ்மித் லெ கிரூஸோவுக்குப் போனபோது, அங்கே வெகு நேர்த்தியாக அடித்த ஒரு பெரிய யந்திரத் தண்டைக் கண்டு, இதை எப்படிச் செய்தீர்கள் என்று வியந்து கேட்டார். உங்கள் சம்மட்டியைக் கொண்டுதான் என்று பூர்தோன் பதில் சொன்னாராம்! அழைத்துப் போய்க் காட்டவும் செய்தார். இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தாம் மனத்திலே மட்டும் பார்த்து வந்த பிள்ளை, வேற்றூரில் வேறொருவர் வீட்டில் வளர்ந்து நிற்பதை நாஸ்மித் கண்டார்.

இது நாஸ்மித் சொல்லும் கதை. பூர்தோன் தாமாகவே கற்பித்தார் என்று வாதிக்கும் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. எது எப்படியாயினும், நாஸ்மித் ஊர் திரும்பியதும் அந்த வருஷம் ஜூன் மாதத்தில் காப்புரிமை பெற்றார். பிறகு அவருடைய மானேஜர் ராபர்ட் வில்ஸன், அடியைத் தானாகவே அடக்கவும் கூட்டவும் ஒரு வால்வு அமைப்பைச் செய்தார். அதனால் அந்த ராட்சதனுக்கு ஒரு தாயின் கை வந்துவிட்டது. மதுக் கிண்ணத்தில் ஒரு முட்டையை வைத்து, கிண்ணத்துக்கு ஒரு கீறலும் இல்லாமல் முட்டையின் ஓட்டை மட்டும் உடைத்துக் காட்டுவார்கள். அடுத்த அடியில் கட்டடமே குலுங்கும்.

இதே தத்துவத்தில், மரத்தூண்களைத் தரையில் இறக்கும் யந்திரம் ஒன்றும் வரைந்தார். டெவன்போர்ட் துறையில் 1845-ல் பழைய முறைக்கும் இதற்கும் போட்டி நடந்தது. அவர் யந்திரம் நாலரை நிமிஷத்தில் முடித்த வேலைக்குப் பழைய முறையில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றென்று அவரே சொல்கிறார்.

இன்னொரு கணக்கையும் நாம் மறைக்கக் கூடாது. 1851-ம் வருஷத்து வேலை நிறுத்தத்துக்குப் பின், தானாக இயங்கும் யந்திரங்களைப் புகுத்தி, 1,500 ஆட்களை 750 ஆகக் குறைத்ததாகவும், லாபம் நன்றாக உயர்ந்ததாகவும் அவர் ஓர் அரசாங்கக் கமிஷனின் முன் சாட்சியம் சொன்னார். வேண்டாத இரும்பைப் படத்தில் கழிக்கக் கற்றவர், வேண்டாத மனிதரையும் அப்படியே கழித்துவிட்டார் போலும். வெளியே போன 750 பேர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை. தகர விளக்கில் சமைத்துச் சாப்பிட்ட இளைஞரிடம் நமக்கிருந்த பிரியம் இந்த இடத்தில் சற்றுக் குறைகிறது.

1856-ல், 48 வயதிலேயே, போதும் என்று தொழிலை விட்டார். கெண்ட் ஜில்லாவில் வாங்கிய வீட்டுக்குச் சம்மட்டியின் பெயரையே சூட்டி, தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகச் சந்திரனைப் பார்த்துப் படம் வரைந்தார். சந்திரனின் மலைகளைச் சுண்ணச் சாந்தில் செய்து, புகைப்படம் எடுத்து, 1874-ல் கார்ப்பெண்டர் என்பவருடன் சேர்ந்து புத்தகமாக வெளியிட்டார். 1890-ல் காலமானார்.

1877-ல் லெ கிரூஸோவில் வேலை தொடங்கிய 100 டன் சம்மட்டி, ஓய்வு பெற்று, அந்த ஊரில் ஞாபகச் சின்னமாக நிற்கிறது. 'கிரேட் பிரிட்டன்' கப்பலும் பிரிஸ்டல் நகரில் காட்சிப் பொருளாக இருக்கிறது. போகிறவர்கள் அதன் பின்புறத்தில் திருகு விசிறியைக் காணலாம். எந்த அச்சுக்காக நாஸ்மித் சம்மட்டியை வரைந்தாரோ, அந்த அச்சு ஒரு நாளும் அடிக்கப்படவே இல்லை.