லிவருக்குள் ஒளிந்திருக்கும் காற்று

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்சாலை ஒன்று இருக்கிறது. சுமார் 3 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறங்கிவிடும் செங்குத்துச் சாலை. 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் அங்கே சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். வண்டிகள் 1930, 40களில் வந்த கனத்த, தடித்த டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். அடிவாரம் வருவதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். அதைப் பிரித்துப் புது கிரீஸை மறுபடி அடைக்காமல் அடுத்த முறை இறங்க முடியாது. மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்று பெயர். பந்தயத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று அங்கே கூடியவர்களின் கையில்தான் மலைச் சைக்கிள் உருப்பெற்றது.

கிரீஸைப் புகைத்த சூடு எவ்வளவு இருக்கும்? ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று கொண்டால், 400 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 3,90,000 ஜூல். ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான்.

இன்றைய மலைச் சைக்கிள்களில் இந்த வேலையைச் செய்வது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய பொருள்தான். ஹேண்டில்பாரில் ஒரு லிவர், அதன் அடியில் சிறிய பிஸ்டன், அங்கிருந்து சக்கரம் வரை ஒரு மெல்லிய குழாய், குழாயின் முடிவில் காலிப்பர். காலிப்பருக்குள் எதிரெதிரே பெரிய பிஸ்டன்கள். அவற்றின் முன்னால் பிரேக் பேடுகள். நடுவில் சுழலும் எஃகுத் தட்டு.

மூடிய கலத்தில் இருக்கும் திரவத்தின் மீது கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் பரவும் என்று பள்ளியில் படித்த பாஸ்கல் விதி இதற்கு அடிப்படை. லிவர் பிஸ்டனின் விட்டம் 10 மில்லிமீட்டர், காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்றால், பரப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. விசையும் அதே அளவு பெருகும். அதனால்தான் மிக நீண்ட இறக்கத்திலும் ஒரே விரலால் பிரேக் பிடிக்க முடிகிறது.

லிவரை விட்டதும் பேடுகள் பின்வாங்குவதற்கு இங்கே ஸ்பிரிங்கை நம்பியிருக்கவில்லை. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுடைய ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. பிஸ்டன் முன்னே நகரும்போது வளையம் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் விலகியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் ஒரு மயிரிழை அளவு உள்ளே இழுத்துக்கொள்ளும். பேடு தேயத் தேய, பிஸ்டன் வளையத்தைத் தாண்டி வழுக்கிப் புது இடத்தில் நிற்கும். அந்த இடைவெளியை நிரப்ப லிவரில் இருக்கும் சிறு தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கும். கேபிள் பிரேக் போல அடிக்கடி முறுக்கிச் சரிசெய்யும் வேலை இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் ஓடும், உள்ளே காற்று புகாதவரை.

எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது என்றே சொல்லலாம், காற்று சுருங்கும். குழாயில் ஒரு சிறு குமிழி இருந்தாலும், விரலின் பலம் முதலில் அந்தக் குமிழியை நசுக்கத்தான் செலவாகும். லிவர் பஞ்சைப் பிடித்தது போல மெத்தென்று உள்ளே போகும். ரிப்பேர் செய்வதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தும் பழக்கமும் சில சமயம் இதற்குக் காரணமாகிறது: தொட்டியின் மேற்பகுதியில் சும்மா கிடந்த காற்று குழாய்க்குள் ஏறிவிடும்.

எண்ணெய் கொதித்தாலும் இதே கதைதான். ஆவி என்பதும் வாயு அல்லவா? இங்கேதான் இரண்டு குலங்களின் வேறுபாடு முக்கியமாகிறது. ஷிமானோ, மகுரா நிறுவனங்களின் பிரேக்குகளுக்குக் கனிம எண்ணெய். ஹோப்புக்கும், நெடுங்காலமாக ஸ்ராமுக்கும், மோட்டார் வாகனங்களில் ஊற்றும் டாட் திரவம். ஸ்ராம் 2024இல் கொண்டுவந்த மேவன் பிரேக்கில் இருப்பது கனிம எண்ணெய். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் விதி கேட்கும் கொதிநிலை 180 டிகிரிதான். கனிம எண்ணெய் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாது. எனவே உள்ளே வந்த துளி தனியாக நின்று, எண்ணெயை விடக் கனமானதால் காலிப்பருக்கு இறங்கும். பிரேக்கில் ஆகச் சூடான இடம் அது.

இரண்டையும் கலப்பதோ மாற்றி ஊற்றுவதோ கூடாது. ஒன்றுக்காகச் செய்த ரப்பர் வளையங்கள் மற்றொன்றில் ஊதிக் கெட்டுவிடும். டாட் திரவம் வண்டியின் பெயின்டையும் உரித்துவிடும்.

லிவர் தொளதொளத்தால், காற்றை வெளியேற்ற உடனே சிரிஞ்சை எடுப்பதற்கு முன், நல்ல மெக்கானிக் பேடுகளைத்தான் பார்ப்பார். ஷிமானோ கணக்கில் பேடின் தேய்மானப் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்தாலோ, தட்டின் தடிமன் 1.5 மில்லிமீட்டருக்கு இறங்கினாலோ மாற்ற வேண்டும். கீச்சென்ற சத்தத்துக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் செயினுக்கு அடித்த எண்ணெய் தட்டில் பட்டிருக்கும். தட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேடை மாற்றுவதே நல்லது.

காற்றுதான் காரணம் என்று உறுதியானால், ஏர் எடுக்க வேண்டும். ஷிமானோ பிரேக்கில் இதைச் செய்யும் முறை எளிமையானது. முதலில் சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி, பிஸ்டன்கள் வெளியே வராதபடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருகுவார்கள். லிவரைத் தரைக்குக் கிடையாக வைத்து, தொட்டியின் திருகைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு புனலை மாட்டுவார்கள். புது எண்ணெய் நிறைந்த சிரிஞ்ச் கீழே காலிப்பரில் இணையும். அங்கே இருக்கும் நிப்பிளைத் திறந்து சிரிஞ்சை மெல்ல அழுத்தினால், எண்ணெய் கீழிருந்து மேலே ஏறும். காற்றின் இயல்பும் மேலே போவதுதான் என்பதால், அதன் வழியிலேயே அதைத் தள்ளிவிடும் உத்தி இது. புனலில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து வெடிக்கும். அவற்றோடு கறுத்த பழைய எண்ணெயும் வந்து சேரும்.

பிடிவாதமான குமிழிகள் குழாயின் வளைவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். குழாயையும் காலிப்பரையும் ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டி, லிவரை முன்னும் பின்னும் 30 டிகிரி சாய்த்து, மெதுவாக அழுத்தி விட்டால் அவையும் கிளம்பும். ஸ்ராம் பிரேக்கில் புனலுக்குப் பதிலாக மேலே இன்னொரு சிரிஞ்ச் மாட்டி, திரவத்தை மேலும் கீழுமாகத் தள்ளுவார்கள். டாட் திரவத்தில் கரைந்திருக்கும் காற்றையும் விடுவதில்லை: சிரிஞ்சின் வாயை அடைத்து, பின்னால் இழுத்து வெற்றிடம் உண்டாக்கி, முன்கூட்டியே வெளியேற்றிவிடுவார்கள்.

புதுப் பேடு போட்டிருந்தால் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறைப்பதை 20 முறை செய்ய வேண்டும். பேடின் பொருள் தட்டின் மீது ஒரு மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

இவ்வளவு கவனமாகச் செய்த வேலையைக் கெடுக்க ஒரு விரல் போதும். சைக்கிளைக் காரில் ஏற்றுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது, யாராவது சும்மா லிவரை அழுத்திப் பார்த்தால், நடுவில் தட்டு இல்லாததால் பேடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரம் உள்ளே போகாது. பிஸ்டன்களை மெல்ல நெம்பிப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் செருகி வைக்கத்தான் புது பிரேக்கோடு ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு வருகிறது. பலர் அதைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாதவர்கள் ஓர் அட்டையை நாலாக மடித்துச் செருகிக்கொள்கிறார்கள்.