பாரம் ஏற்றும் வண்டிக்குக் காற்றுத் துணை ஸ்பிரிங்

வயலில் விளைந்த பொருள் நசுங்காமல் சந்தையைச் சென்றடைந்தால்தான் பாடுபட்டதற்குப் பலன் உண்டு. தக்காளி, வாழை, தேங்காய், பால் முதலியவற்றை எடுத்துச் செல்லச் சிறு சரக்கு வண்டிகளை விவசாயிகள் பலர் சொந்தமாகவே வைத்துள்ளனர். முழுப் பாரம் ஏற்றியவுடன் இவ்வண்டிகளின் பின்புறம் தாழ்ந்துவிடுகிறது. இதனால் மேடு பள்ளங்களில் ரப்பர் கட்டை அச்சில் மோதுகிறது; சரக்கு குலுங்குகிறது; முன் விளக்கின் ஒளி மேல்நோக்கி எதிரில் வருவோரின் கண்ணைக் கூசச் செய்கிறது. இக்குறையை ஓரளவு நீக்க உதவுவதே காற்றுத் துணை ஸ்பிரிங் ஆகும்.

அமைப்பு

இது கெட்டியான ரப்பரால் ஆன காற்றுப் பை. பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையில், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு பைகள் பொருத்தப்படுகின்றன. வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் அப்படியே இருக்கும். பைகள் அவற்றுக்குத் துணை மட்டுமே. கூடுதல் பட்டை சேர்த்தால் வெறும் வண்டியும் எப்போதும் விறைப்பாகவே ஓடும். காற்றுப் பையிலோ பாரத்திற்கு ஏற்பக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

பொருத்துமுன் அறிய வேண்டியது

காற்றுப் பை வண்டியின் பாரம் தாங்கும் அளவை உயர்த்துவதில்லை. டயர், பிரேக், அச்சு, பேரிங் ஆகியவை முன்பிருந்த வலுவுடன்தான் இருக்கின்றன. பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் ஏற்றத்தக்க அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, மொத்த எடை 2,700 கிலோ, வெற்று எடை 1,500 கிலோ எனில் 1,200 கிலோ ஏற்றலாம். ஓட்டுநரும் உதவியாளும் 130 கிலோ எனக் கொண்டால் சரக்குக்கு மிஞ்சுவது 1,070 கிலோ. கூடையுடன் 27 கிலோ உள்ள தக்காளிக் கூடைகள் 39 மட்டுமே ஏற்றலாம். வண்டி தாழவில்லையே என்று 50 கூடை ஏற்றுவது ஆபத்து. 2019 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 ஆம் பிரிவு, அதிக பாரத்திற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்க வகை செய்கிறது.

உடைந்த அல்லது தளர்ந்த பட்டைகளை முதலில் சரி செய்துகொள்ள வேண்டும். பழுதை மறைக்கக் காற்றுப் பையைப் பயன்படுத்தலாகாது. வண்டியின் மாடலுக்கென்றே செய்யப்பட்ட பையை வாங்குவதும், பொருத்துவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி தேவையா எனக் கேட்டறிவதும் நல்லது.

பொருத்தும் முறை

1. சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, பின் சக்கர நடுவிலிருந்து மேலே பாடியின் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளவும்.

2. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, சேஸிஸை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது. பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்ளவும்.

3. கையேட்டில் கூறியிருந்தால் ரப்பர் கட்டையைக் கழற்றி, மேல் தாங்கியைச் சேஸிஸிலும் கீழ்த் தாங்கியை அச்சிலும் போல்ட்டால் இறுக்கவும். சேஸிஸில் வெல்டிங் செய்யலாகாது.

4. பை முறுக்கின்றி நேராக நிற்க வேண்டும். காற்று நிறைந்து உப்பும்போதும் சுற்றிலும் 12 மில்லிமீட்டராவது இடைவெளி இருத்தல் வேண்டும்.

5. காற்றுக் குழாயைக் கூரிய பிளேடால் நேராக வெட்டி, மூட்டில் முழுதும் செருகவும். சைலன்சர் குழாயிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டவும். இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் அமைப்பதே சிறந்தது. ஒரே குழாயாக இணைத்தால் வளைவுகளில் ஒரு பையின் காற்று மற்றதற்குச் சென்று வண்டி அதிகமாகச் சாயும்.

6. வண்டியை இறக்கிய பின்னரே காற்றடிக்க வேண்டும். 30 பவுண்டு காற்றடித்து, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிப் பார்க்கவும். குமிழ் வந்தால் கசிவு உள்ளது என்று பொருள். மறுநாள் மீண்டும் அழுத்தத்தை அளந்து பார்க்கவும்.

காற்றழுத்தம்

பாரம் ஏற்றிய பின், முன்பு குறித்த உயரத்தை நெருங்கும் வரை காற்றடித்தால் போதும். அதற்கு மேல் உயர்த்த வேண்டாம். பெரும்பாலான பைகளுக்கு மேல்வரம்பு 100 பவுண்டு, கீழ்வரம்பு 5 பவுண்டு. ஆயினும் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. சரக்கை இறக்கியதும் காற்றைக் குறைத்துவிடவும். அடியோடு காற்றில்லாமல் ஓட்டினால் பை மடிப்பில் சிக்கிக் கிழியும்.

பிரேக்கில் கவனம்

பல சரக்கு வண்டிகளில், பின் அச்சுடன் ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு சேஸிஸில் உள்ளது. பாரத்தால் வண்டி தாழும்போது இவ்வால்வு பின் பிரேக்கிற்கு அதிக அழுத்தம் தருகிறது. காற்றுப் பை வண்டியை உயர்த்திவிட்டால், பாரம் இல்லையென்பதுபோல் வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். முழுப் பாரத்துடன் மலைப்பாதையில் இறங்கும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஆகவே இவ்வால்வு உள்ள வண்டிகளில், அந்த மாடலை நன்கு அறிந்த பட்டறையில் கேட்டு, வால்வைச் சரிபார்த்த பின்னரே பாரம் ஏற்ற வேண்டும்.

பராமரிப்பு

800 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்கவும். வாரம் ஒருமுறை அழுத்தத்தை அளக்கவும். பையில் ஒட்டிய சேறு, கல் ஆகியவற்றை நீரால் கழுவவும்; டீசல், ஆயில் படாமல் காக்கவும்.

அளவறிந்து பாரம் ஏற்றி, முறையறிந்து பொருத்தினால் விளைபொருள் சேதமின்றிச் சந்தை சேரும். வண்டியும் ஓட்டுபவரும் நலமாக வீடு திரும்பலாம்.