இடிக்கும் முன் எழுதுங்கள்!

மனிதன் தன் வாழ்நாளில் செய்யும் பெருஞ்செலவுகள் இரண்டு. ஒன்று, மக்களின் திருமணம். மற்றொன்று, வீடு. சவூதியிலும் துபாயிலும் குவைத்திலும் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்து சேர்த்த பொருளில் பெரும்பகுதி, நம் ஊர்களில் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறி நிற்கின்றது. அவ்வாறு சேர்த்த பொருளைக் கொண்டு வாப்பாவின் வீட்டை, பாட்டனாரின் வீட்டைப் புதுப்பிக்க முனைவோருக்காகவே இக்கட்டுரை.

பழைய வீட்டைப் புதுப்பிப்பது புதிய வீடு கட்டுவதைவிட எளிது என்று பலர் எண்ணுகின்றனர். வெற்று மனையில் கட்டும்போது நடப்பதெல்லாம் கண்முன் தெரியும். பழைய வீட்டிலோ சுவருக்குள் இருப்பதும் தரைக்குக் கீழே இருப்பதும் இடித்த பின்னரே தெரியவரும். போதாக்குறைக்கு, அவ்வீட்டினுள் ஒரு குடும்பம் சமைத்தும் உறங்கியும் வாழ்ந்துகொண்டிருக்கும். பாதி வழியில் பணம் தீர்ந்துவிடுதல், ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் போய்விடுதல், கூரையைப் பிரித்த நிலையில் மழைக்காலம் வந்துவிடுதல் ஆகிய துன்பங்களை நாம் கேள்விப்படாத ஊர் இல்லை. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை. பேசவேண்டியதைப் பேசாமலும், பேசியதை எழுதாமலும் கடப்பாரையைக் கையில் எடுத்துவிடுகிறோம்.

முதற் கேள்வி: வீடு யாருடையது?

வரைபடத்திற்கு முன் பார்க்கவேண்டியது பத்திரம். பெற்றோர் இருவரும் மறைந்த ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள். வேறு வாரிசுகள் இல்லாத நிலையில், பாகப்பிரிவினைச் சட்டப்படி அவ்வீடு எட்டுப் பங்காகும். ஆண் மக்களுக்குத் தலா இரண்டு, பெண் மக்களுக்குத் தலா ஒன்று. பங்கு பிரிக்கப்படாத அவ்வீட்டில் இளைய மகன் 15 இலட்ச ரூபாய் செலவு செய்து மாடி எழுப்புகிறார். அப்பணம் உடன்பிறந்தாருக்கு அவர் வழங்கிய அன்பளிப்பா? திரும்பப் பெறவேண்டிய கடனா? அல்லது வீட்டில் அவருடைய பங்கைக் கூட்டும் முதலீடா? அன்று யாரும் கேட்கமாட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, அவர்களின் பிள்ளைகள் கேட்பார்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண் மக்களுக்கு வழங்கப்பட்டு, மருமகன் அவ்வீட்டில் வந்து வாழும் வழக்கம் உண்டு. அங்கே மருமகனின் பணத்தில் மாமியார் வீடு புதுப்பிக்கப்படும்போதும் இதே வினா எழும். எனவே, பங்குதாரர் அனைவரும் கூடி, செலவாகும் பணம் ஹிபாவா, கடனா, பங்கா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் ஒப்புதலையும் எழுத்தில் பெறுங்கள். சகோதரியர் ‘ஒன்றும் வேண்டாம்’ என்று நாவால் சொல்லிவிட்டனர் என்பதற்காக அவர்களின் உரிமையை அழிந்ததாகக் கருதிவிட வேண்டாம்.

வீட்டாரின் மஷூரா

அடுத்தது குடும்பத்தாரின் கலந்தாலோசனை. வீட்டைப் பற்றிய முடிவுகளை ஆண்கள் திண்ணையில் அமர்ந்து எடுத்துவிடுகின்றனர். அடுப்படியில் நாள்தோறும் பல மணி நேரம் நிற்பவரிடம் மேடையின் உயரம் கேட்கப்படுவதில்லை. முழங்கால் வலியோடு இரவில் எழுந்து செல்லும் பாட்டியிடம் கழிப்பறை எங்கே வேண்டுமென்று கேட்கப்படுவதில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இப்போதைய வீட்டில் தமக்குள்ள இடர்ப்பாடுகளைச் சொல்லட்டும், ஒருவர் எழுதட்டும். பின்னர் அப்பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். இன்றியமையாதவை ஒரு புறம். இருந்தால் நல்லவை மறுபுறம். பணம் குறையும்போது எதை விடுவது என்னும் சண்டை அப்போதே தீர்ந்துவிடும்.

நமக்கே உரிய சில தேவைகளை வரைபவர் தாமாக அறியமாட்டார். உளூச் செய்யும் இடத்தில் தண்ணீர் தேங்காத வாட்டம், ஆண் விருந்தினர் வந்தாலும் பெண்கள் தடையின்றி நடமாடத் தனி வழி, தொழுமிடம், கழிப்பறை இருக்கையின் திசை ஆகியவற்றை முதல் நாளே கூறிவிடவேண்டும். தமிழகத்தில் கிப்லா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்துள்ளது. அத்திசையை வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

வரைபவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர்

ஆர்க்கிடெக்ட், பொறியாளர், காண்டிராக்டர் ஆகிய மூவரையும் ஒருவராகவே நம்மில் பலர் எண்ணிக்கொள்கின்றனர். ஆர்க்கிடெக்ட் எனப்படும் கட்டடக் கலைஞர், இடத்தையும் காற்றையும் ஒளியையும் புழக்கத்தையும் எண்ணி வீட்டை வடிவமைப்பவர். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் என்னும் மன்றத்தில் பதிவு பெற்றவரே அப்பட்டத்தைப் பயன்படுத்தலாம். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. கட்டுமானப் பொறியாளர், சுவரும் தூணும் தளமும் பாரத்தைத் தாங்குமா என்று கணக்கிடுபவர். ஒப்பந்தக்காரர், அவ்விருவரும் வரைந்ததைக் கொத்தனார், ஆசாரி, சித்தாள் ஆகியோரைக் கொண்டு செய்து முடிப்பவர்.

வரைபவரும் கட்டுபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. கட்டுபவரின் வேலையை, அதனால் ஆதாயம் பெறாத ஒருவர் வந்து பார்ப்பார். ஆகவே கட்டடக் கலைஞருக்குரிய கட்டணத்தைப் பேசும்போது, வரைபடத்தோடு அவர் பணி முடிந்துவிடுமா, வேலை நடக்கும்போது எத்தனை முறை வந்து பார்ப்பார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாடி எழுப்புதல், கட்டடத்தை விரிவாக்குதல் போன்றவற்றிற்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவை. தமிழ்நாட்டில் இதற்கு 2019 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உள்ளன. அனுமதிக்குரிய பொறுப்பு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பழைய வீட்டின் உடற்கூறு

மருத்துவர் சோதித்துப் பார்க்காமல் அறுவைச் சிகிச்சை செய்வதில்லை. பழைய வீடுகளில் பெரும்பாலானவை தூண்களால் நிற்பவை அல்ல. சுவர்களே பாரத்தைத் தாங்கி நிற்கின்றன. ‘இந்தச் சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகுமே’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அச்சுவரின் மேல் மாடிச் சுவரோ, தளத்தைத் தாங்கும் மரமோ அமர்ந்திருந்தால், எடுப்பது சுவரை மட்டுமன்று, வீட்டின் முதுகெலும்பையே. மாடி எழுப்ப எண்ணினால், கடைக்காலின் ஓரத்தில் ஒரு குழி தோண்டி, அதன் ஆழத்தையும் அகலத்தையும் பொறியாளர் பார்த்தாக வேண்டும்.

தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டு அமைத்த ‘மெட்ராஸ் டெரஸ்’ தளங்கள் பல வீடுகளில் இன்றும் உள்ளன. கட்டையின் முனை சுவருக்குள் புதைந்த இடத்தில்தான் கரையானும் ஈரமும் முதலில் தாக்கும். அங்கே தட்டிப் பார்த்தபின், பழுதான கட்டையை மட்டும் மாற்றலாமா, முழுத் தளத்தையும் எடுக்கவேண்டுமா என்று முடிவு செய்யலாம். சுண்ணாம்பால் கட்டிய சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசுவதும் கேடாக முடியும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு உப்பி உதிர்கின்றது. முற்றத்தை மூடிக் கூடமாக்குமுன், காற்றும் வெளிச்சமும் இனி எவ்வழியே வரும் என்று வரைபவரிடம் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

சதுர அடிக்கு இவ்வளவு என்னும் பேச்சு புதிய வீட்டிற்கு ஓரளவு பொருந்தும். புதுப்பிக்கும் வேலைக்குப் பொருந்தாது. ஒரே நூறு சதுர அடிக்குள் ஓர் இடத்தில் வெறும் வெள்ளையடிப்பும், மற்றோர் இடத்தில் சுவர் இடிப்பும் இருக்கும். எனவே ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே அளவோடும் விலையோடும் பட்டியலிட்டு, முடிந்தபின் அளந்து பணம் கொடுக்கும் முறையே நேர்மையானது. அப்பட்டியலைக் கட்டடக் கலைஞரே ஆயத்தம் செய்து, இரண்டு மூன்று ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்கட்டும். அனைவரும் ஒரே பட்டியலுக்கு விலை சொன்னால்தான் ஒப்பிட முடியும்.

‘நல்ல சாமான் போடுவேன்’ என்பது ஒப்பந்தம் ஆகாது. சிமெண்டு என்ன வகை, கம்பி எத்தனை மில்லிமீட்டர், எம்-சாண்டா ஆற்று மணலா, கலவை என்ன விகிதம் என்பவை எழுதப்படவேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம் 20 என்னும் தரமே இந்தியத் தர விதிப்படி குறைந்த அளவு; உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் அதற்கும் மேலான தரம் வேண்டும். தளம் போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்கள். சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாட்கள். அத்தண்ணீரை யார் ஊற்றுவது என்பதைக்கூட எழுதுங்கள்.

பணத்தை வேலையின் கட்டங்களோடு இணையுங்கள். 12 இலட்ச ரூபாய் வேலையாயின், தொடங்கும்போது 10 விழுக்காடு, அதாவது 1,20,000 ரூபாய் கொடுக்கலாம். 5 விழுக்காடாகிய 60,000 ரூபாயை, வேலை முடிந்து ஒரு மழைக்காலம் கடந்து, ஒழுகல் இல்லையென்று கண்டபின் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளலாம். எஞ்சிய 10,20,000 ரூபாயைக் கட்டம் கட்டமாக, முடிந்த வேலையை அளந்து கொடுங்கள். இதற்குமேல், எதிர்பாராது தோன்றும் பழுதுகளுக்கென மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கேனும் கையில் இருக்கட்டும்.

வட்டிக் கடனை நாடாமல் கட்ட விரும்புவோர், வீடு முழுமைக்கும் வரைபடம் பெற்றுக்கொண்டு, வேலையை மட்டும் பகுதி பகுதியாகச் செய்யலாம். ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன் குடியிருக்கத் தக்கதாக அமையவேண்டும் என்று வரைபவரிடம் முன்னரே சொல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கூரை திறந்திராதபடி நாட்களை வகுத்துக்கொள்ளுங்கள். மகளின் நிக்காஹ் நாளை வைத்து வேலையின் முடிவு நாளைக் குறிக்கவேண்டாம். அவசரத்தில் காயாத சுவரில் அடித்த வண்ணம் மணப்பந்தல் பிரிக்குமுன் உரிந்துவிடும்.

‘நம்மவர்தானே!’

“அவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். அவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா?” என்று சிலர் தயங்குவர். இத்தயக்கத்திற்கு மார்க்கத்தில் இடமில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம். தவணையுடன் கூடிய கொடுக்கல் வாங்கலை எழுதுவதும் சாட்சி வைப்பதுமே அதன் பொருள். ஒரு பொருளைச் செய்து தரும்படி முன்னதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கையை ஃபிக்ஹு நூல்கள் ‘இஸ்திஸ்னா’ என்கின்றன. செய்யவேண்டியதன் இனமும் அளவும் தன்மையும் சச்சரவுக்கு இடமின்றி விளக்கப்படவேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. எழுத்து நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று கருதற்க. மறதியிலிருந்தும் மனத்தாங்கலிலிருந்தும் இருவரையும் அது காக்கின்றது.

நாட்டின் சட்டமும் எழுத்தையே கேட்கின்றது. வீடு கட்டித்தருவது ‘சேவை’ என்பதனை உச்ச நீதிமன்றம் 1993 ஆம் ஆண்டிலேயே ஏற்றது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதனை உறுதி செய்கின்றது. ஆயினும், ஒப்பந்தமும் ரசீதும் இல்லாமல் ஆணையத்தின் வாயிலில் நிற்பவரின் வழக்கு வலுவிழந்தே தொடங்கும்.

நம் பக்கத்துக் கடமை

ஒப்பந்தம் ஒரு பக்கம் மட்டும் கட்டுவதன்று. ‘அப்படியே இந்த அலமாரியையும் வைத்துவிடுங்கள், அந்த ஜன்னலையும் மாற்றிவிடுங்கள்’ என்று போகிற போக்கில் வேலையைக் கூட்டிவிட்டு, இறுதியில் கூடுதல் பணம் தர மறுப்பதும் அநீதியே. எந்த மாற்றமாயினும் அதன் விலையும், அதனால் நீளும் நாட்களும் எழுதப்பட்டபின் செய்யப்படட்டும். ஒரு கட்டம் முடிந்து அளந்தபின் பணத்தைத் தாமதிக்கவேண்டாம். நாம் நிறுத்தி வைக்கும் பணம் ஒப்பந்தக்காரரைச் சுடுவதற்கு முன், சனிக்கிழமை மாலை கூலியை எதிர்பார்த்து நிற்கும் சித்தாளின் அடுப்பை அணைத்துவிடுகின்றது. உழைப்பவரின் கூலியைத் தாமதியாது கொடுக்க வலியுறுத்திய அண்ணலாரின் உம்மத்தினர் நாம். அக்கூலி நம் வீட்டுச் சுவருக்குள் கடனாக நின்றுவிடக் கூடாது.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! உங்கள் வீட்டில் கடப்பாரையின் முதல் அடி விழுமுன் மூன்று தாள்கள் ஆயத்தமாகட்டும். வீட்டின் பங்குதாரரோடு ஒன்று, கட்டடக் கலைஞரோடு ஒன்று, ஒப்பந்தக்காரரோடு ஒன்று. வேலை முடிந்த பின்னரும் உடன்பிறந்தார் வந்து உண்டு செல்லவும், கட்டியவர் தெருவில் கண்டால் ஸலாம் சொல்லவும் கூடிய வீடே நிறைவான வீடு. அத்தகைய வீட்டை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!