தறி வீட்டுக்குக் கண்ணாடிக் கூரையா?

முற்றத்துக்கு மேலே கண்ணாடி, கீழே ஊஞ்சல், ஓரத்தில் நாலு தொட்டிச் செடி. படம் எடுத்துப் போட்டால் ஊரே கேட்கிறது, ‘எவ்வளவு ஆச்சு?’ என்று. பட்டு நெசவாளர்கள் வாழும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தையும் இந்த ஆசை விட்டுவைக்கவில்லை. எந்தக் கூரை நல்லது, எதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். எழுதிவிடலாம். ஆனால், கூரைக்குக் கீழே தறி ஓடுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாக மாறிவிடுகிறது.

கண்ணாடி அறை குளிர் நாட்டுச் சரக்கு. வெயில் உள்ளே வரும், உள்ளே சூடான காற்று வெளியே போகாது. லண்டனில் நடுக்கோடையில்கூட சூரியன் உச்சிக்கு வருவதில்லை. கிடைக்கிற வெயிலைப் பிடித்து வைப்பது அங்கே புத்திசாலித்தனம். காஞ்சிபுரமோ ஏறக்குறைய 12.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட்டில் ஒருமுறை நண்பகல் சூரியன் நேராக நம் தலைக்கு மேல் நிற்கிறது. தட்டையாகப் போட்ட கண்ணாடிக்கு இதைவிட மோசமான வெயில் கிடையாது. அதன் கீழே உட்கார்ந்து, சேலையின் உடலையும் கரையையும் இணைத்துக் கோர்வை போட வேண்டிய மனிதரை நினைத்துப் பாருங்கள்.

மனிதராவது எழுந்து போய் மோர் குடித்துவிட்டு வருவார். தறியில் கட்டிய பாவு நூல் எங்கே போகும்? பட்டு இழைக்குக் கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும். குழித்தறியின் குழி அதற்கும் உதவுகிறது. காற்று காய்ந்தால் இழை அறும். இழை அறுந்தால் முடிச்சு, முடிச்சு போட்டால் நேரம், நேரம் போனால் கூலி. முற்றத்து வழியாக மேலேறிப் போக வேண்டிய வெக்கை, கண்ணாடியிலோ பிளாஸ்டிக் ஷீட்டிலோ முட்டித் தறிக்கே திரும்புகிறது.

அடுத்தது வெளிச்சம். இதுதான் எனக்குப் பெரிய கவலை. நீலம், பச்சை என்று நிறம் ஏற்றிய ஷீட்டைத்தான் ‘கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்று விற்கிறார்கள். அதன் வழியாக வரும் வெளிச்சத்தில் மயில்கழுத்துக்கும் ஆனந்தா நீலத்துக்கும் வித்தியாசம் சொல்ல முடியுமா? அரக்கு கறுத்துத் தெரியும், மாம்பழ மஞ்சள் பச்சையடிக்கும். பட்டு நூலை நிறம் பார்க்கப் பகல் வெளிச்சத்துக்கு ஈடு இல்லை. விளக்கு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் இருப்பதால், பகலில் எரியும் விளக்கு செலவாகவே தெரியாது. அந்தச் சவுகரியத்தில்தான் முற்றம் போனதே தெரியாமல் போகிறது.

சரி, போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால்? ஃபைபர் ஷீட் மலிவு. வெயிலில் மஞ்சளாகிப் பொரிந்துவிடும். பாலிகார்பனேட் எடை குறைவு, எளிதில் உடையாது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு பல ஷீட்டுகளில் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சில வருஷத்தில் ஷீட் பாழ். பத்தடி ஷீட் காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையே கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் வரை நீளும். ஸ்குரூ துளையைச் சற்றுப் பெரிதாகப் போடாவிட்டால் அங்கேதான் விரிசல், அங்கேதான் ஒழுகல். கண்ணாடி என்றால் தலைக்கு மேலே லேமினேட்டட் மட்டுமே. டஃபன் கண்ணாடி தனியாக இருந்தால், உடையும்போது சில்லுச் சில்லாக மொத்தமும் கீழே கொட்டும். பத்துக்கு எட்டு அடி முற்றத்துக்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் சட்டம் இல்லாமலே 220 கிலோவைத் தாண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவர் அதைத் தாங்குமா என்று ஒரு பொறியாளரைக் கேளுங்கள்; ஷீட் போட வருகிறவரைக் கேட்காதீர்கள்.

விதிகளுக்கு வருவோம். கைலாசநாதர் கோயில் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தூரத்தை அளக்க வேண்டும். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது; அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். இருக்கிற வீட்டை நீட்டுவதும் உயர்த்துவதும் சட்டத்தின் கணக்கில் கட்டுமானம்தான். மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்ற இடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கும். கோயில் பக்கத்துத் தடையை அது நீக்காது.

பக்கத்து வீட்டையும் மறக்கக் கூடாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, இருபது வருஷம் தடையில்லாமல் ஒரு சன்னல் வழியாக வந்த வெளிச்சம் அந்த வீட்டுக்காரரின் உரிமையாகிவிடும். ஒட்டிக் கட்டிய வீடுகளில் உங்கள் ஷீட் அவருடைய வெளிச்சத்தை மறைத்தாலும், உங்கள் கூரைத் தண்ணீர் அவர் சுவரில் இறங்கினாலும் வழக்குதான். மழைநீர் சேகரிப்பும் 2003லிருந்து கட்டாயம். முற்றத்தில் விழுந்த மழை இனி எந்தக் குழிக்குப் போகிறது என்பதற்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் சாரல் தறிவரை வருகிறது, குரங்கு இறங்குகிறது, திருட்டு பயம் என்று வீட்டுப் பெண்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்பிவலை போட்டால் குரங்கு தீர்ந்தது. மழைக்கு, ஓட்டுக் கூரையில் அங்கங்கே கண்ணாடி ஓடு பதித்துக்கொண்டு, முற்றத்துக்கு மட்டும் இழுத்து மூடும் தார்ப்பாய் கட்டலாம். பார்க்க அழகாக இருக்காதுதான். ஷீட்டுக்கு முன்பணமே கொடுத்துவிட்டவர்கள் ஒன்று செய்யுங்கள்: நிறமில்லாத ஷீட்டாகக் கேளுங்கள், சுவருக்கு மேல் நாலு பக்கமும் இரண்டடி திறந்திருக்கும்படி உயர்த்திப் போடச் சொல்லுங்கள். சாரல் படாதபடி ஷீட் விளிம்பை வெளியே நீட்ட வேண்டியிருக்கும். அந்த நீட்டல் உங்கள் எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.