முருகைக்கல் தொட்டியும் மின்கட்டணமும்

கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள வில்கமுவ போன்ற ஊர்களில் வீட்டில் முருகைக்கல் தொட்டி அமைக்க விரும்புவோர், தொட்டியின் விலைக்கு முன்னர் அதன் மேல் எரியும் விளக்கைப் பற்றியே சிந்திக்க வேண்டும்.

முருகைக்கல் உயிரிகளின் இழையத்தினுள் வாழும் நுண்ணிய அல்காக்கள் ஒளித்தொகுப்பின் மூலம் அவற்றுக்கு உணவளிக்கின்றன. இதற்குப் பெரிதும் துணைபுரிவது நீல ஒளியாகும். எல்.ஈ.டி. விளக்குகள் அவ்வொளியைக் குறைந்த மின்சாரத்தில் தருகின்றன.

கணக்கைப் பார்ப்போம். 250 வாற்று மெட்டல் ஹேலைட் விளக்கு நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் எரிந்தால் 30 நாட்களில் 75 அலகுகள் செலவாகும். 100 வாற்று எல்.ஈ.டி. விளக்குக்கோ 30 அலகுகளே தேவை. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதலாவது அலகிலிருந்தே கூடிய கட்டணம் அறவிடப்படும் நம் நாட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று.

வெப்பமும் கவனத்திற்குரியது. 1998இல் கடல்நீர் சூடேறியதால் ஹிக்கடுவையில் முருகைக்கற்கள் வெளிறி மடிந்தன. மெட்டல் ஹேலைட் விளக்கின் சூட்டினால் தொட்டியிலும் அதுவே நிகழலாம். எல்.ஈ.டி. ஒளியையும் திடீரெனக் கூட்டாது, சில வாரங்களில் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

நமது கடலில் முருகைக்கற்களைப் பெயர்ப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. வீட்டுத் தொட்டியின் அழகு கடலின் அழிவிலிருந்து பெறப்பட்டதாக இருத்தலாகாது என்பதையும் நாம் வலியுறுத்துகின்றோம்.