ஐசி பிறந்த ஊர் எது, தெரியுமா?

மலேசியர் ஒவ்வொருவர் பர்ஸிலும் இருக்கிறதே ஐசி, அதற்கு ஒரு சொந்த ஊர் உண்டு, தெரியுமா? கோலாலம்பூர் இல்லை, பினாங்கு இல்லை. நம் பேராக்கின் சுங்கை சிப்புட்! 1948 ஜூன் 16 காலை, எல்பில் தோட்டத்து ஆபீசில் ஆர்தர் வாக்கர் என்ற துரை கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இரண்டு வெள்ளையர்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அந்த அவசரகால விதிகளில்தான், பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாரும் போட்டோவும் பெருவிரல் ரேகையும் கொடுத்து அட்டை வாங்க வேண்டும் என்ற கட்டளை வந்தது. காட்டில் இருப்பவர் யார், தோட்டத்தில் இருப்பவர் யார் என்று பிரித்தறிய அரசுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அந்த அட்டையின் பலம் கம்யூனிஸ்டுகளுக்கும் நன்றாகவே புரிந்தது. ஆட்களை மறித்து அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள்! பாதுகாப்புக்காகப் பிறந்த அந்தக் காகிதம், பத்தே ஆண்டுகளில் ‘நீ இந்த நாட்டுக்காரனா’ என்று கேட்கும் காகிதமாகிவிட்டது.

இன்னொரு வியப்பு. அந்த ஜூன் 16 யாருடைய பிறந்தநாள் தெரியுமா? துன் வீ. தி. சம்பந்தனுடையது! அதே சுங்கை சிப்புட்டில் 1919-ல் பிறந்தவர். துரைமார் சுடப்பட்ட அன்று அவருக்கு 29 வயது நிறைந்தது. 1955 முதல் 1973 வரை மஇகாவுக்குத் தலைமை தாங்கியவர், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் தொழிலாளரிடமிருந்து மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-ல் எழுப்பியவர்.

இப்போது உங்கள் ஐசியை எடுங்கள். ஏழாவது, எட்டாவது இலக்கங்களைப் பாருங்கள். 08 என்று இருக்கிறதா? நீங்கள் பேராக்கில் பிறந்தவர்! ஈப்போவோ தாப்பாவோ தெலுக் இந்தானோ, எல்லாருக்கும் பெரும்பாலும் அதே 08. இந்தியாவில் பிறந்து இங்கே வந்து தங்கிய தாத்தா பாட்டியின் கார்டில் அந்த இடத்தில் மாநில எண் இருக்காது; வெளிநாட்டில் பிறந்தவருக்கான எண் இருக்கும். கப்பலேறி வந்த ஒரு தலைமுறையின் கதையே அந்த இரண்டு இலக்கங்களுக்குள் இருக்கிறது.

அந்தக் கப்பல் பயணத்துக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா? ஒரு காலத்தில் முதலாளிகள்! 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை மலாயாவில் சட்டம் போட்டே அமைத்தார்கள். தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு தோட்ட நிர்வாகமும் அதில் பணம் கட்ட வேண்டும். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம். அங்கே சோறு, மருத்துவச் சோதனை, கப்பல் டிக்கெட், எல்லாம் நிதியின் செலவு. வந்து இறங்கும் தொழிலாளி கப்பல் கடன் இல்லாமல் இறங்க வேண்டும் என்பதே ஏற்பாடு. தோட்டத்துக்கு வந்தபின் சம்பளத்திலும் லயத்து வாழ்க்கையிலும் பட்ட பாடு வேறு; அதை யாரும் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இன்று அதே பேராக்கின் செம்பனைத் தோட்டத்துக்கு வரும் வங்காளதேசத்துத் தொழிலாளி ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனைத் தலையில் சுமந்துகொண்டே வருகிறார். நூறு ஆண்டுக்கு முன் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த ஒரு நல்ல ஏற்பாடு இன்று இல்லை!

ரஜூலா கப்பலைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய அந்தக் கப்பலில் மேல்தளப் பயணிகளாகவே ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற உரிமம் இருந்தது, தெரியுமா? சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அது போய்வந்த காலம் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. பத்துகாஜாவில் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் கெல்லி கோட்டையும் அப்படிக் கப்பலேறி வந்தவர்களின் கை வேலைதான். ஸ்பானியக் காய்ச்சலில் தொழிலாளர்கள் செத்து விழுந்தபோது, வில்லியம் கெல்லி ஸ்மித் துரை அவர்கள் கேட்டபடி கோட்டைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலில் சாமிகளோடு சாமியாகத் துரைக்கும் ஒரு சிலை!

சரி, எல்லைக் கதவு எப்போது மூடியது? 1933-ல் அந்நியர் சட்டம் வந்தது. வரும் சீனர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விழுந்தது. தமிழருக்கு விழவில்லை, ஏன் தெரியுமா? இரு கரையும் பிரிட்டிஷ் ஆட்சி. தமிழர் சட்டப்படி ‘அந்நியர்’ கிடையாது! 1938-ல் உதவிக் குடியேற்றத்துக்குத் தடை போட்டது இந்திய அரசு. ரப்பர் விலை விழுந்து கூலியைக் குறைத்த தோட்ட முதலாளிகள்மேல் கோபம். 1953-ல் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தபோது, கடைசித் திறப்பும் குறுகியது. அதன்பின் கேள்வி மாறிவிட்டது. யார் வரலாம் என்பது போய், உள்ளே இருப்பவர் யார் என்று வந்தது.

இனி வருவதைத்தான் ஒவ்வொரு தோட்டத்துக் குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரே லயம், ஒரே வீடு, ஒரே தாய் வயிற்றில் மூன்று பிள்ளைகள். மூத்தவர் 1957 ஆகஸ்ட் 30-ல் பிறக்கிறார். நடுப்பிள்ளை 1959-ல். இளையவர் 1962 அக்டோபருக்குப் பின். மூவருக்கும் மூன்று சட்டம், தெரியுமா? 1957 ஆகஸ்ட் 31 அன்றோ அதற்குப் பின்போ மண்ணில் பிறந்ததே போதும், நடுப்பிள்ளை தானாகக் குடிமகன்! மூத்தவரின் பெற்றோர் கடல் கடந்து வந்தவர்கள் என்றால், அவர் பேராக்கில் பிறந்தவராகவே இருந்தாலும், விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். இளையவருக்கோ, பிறந்த நேரத்தில் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். மெர்டேக்காவுக்குப் பிறகு ஓராண்டுக் காலம் மொழித் தேர்வில் சலுகை கொடுத்து, பழைய ஆட்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். உண்மையிலேயே பெரிய மனது! லட்சக்கணக்கானோர் அப்படிக் குடியுரிமை பெற்றார்கள். ஆனால் பால் வெட்டி முடித்து, நிறுவை பார்த்து, மத்தியானம் லயத்துக்குத் திரும்பும் ஆளுக்கு அந்தச் செய்தியை யார் சொல்ல வேண்டும்? கிராணி சொன்ன இடத்தில் எல்லாருக்கும் குடிமகனுக்கான நீல ஐசி. சொல்லாத இடத்தில் நிரந்தரவாசிக்கான சிவப்பு.

சிவப்பு ஐசி வைத்திருந்தவர்களுக்கு அடி 1969-ல் விழுந்தது. 1968-ன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். முப்பது ஆண்டு பால் வெட்டிய கைக்குத் திடீரென்று பெர்மிட்! ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர்களில் எத்தனையோ பேருக்கு அங்கே வீடு இல்லை, நிலம் இல்லை, முகம் தெரிந்த ஆள்கூட இல்லை.

இலங்கையிலும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரேயடியாக நாடற்றோர் ஆக்கியது. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிஞ்சிய சிக்கலைத் தீர்த்து முடிக்க 2003-ல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. 55 ஆண்டுகள்!

நம் பக்கம் 2018-ல் ஒரு நல்ல செய்தி வந்தது. 60 வயதைத் தாண்டிய, சிவப்பு ஐசி வைத்திருக்கும் இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்படும் என்று மகாதீர் அரசு அறிவித்தது. அதற்கு முன் 2011-ல் நஜிப் காலத்தில் மைடஃப்தார் இயக்கம் நாடு முழுதும் நடந்தது. காகிதம் இல்லாத இந்தியரிடம் விண்ணப்பம் வாங்கினார்கள். ஐநா அகதிகள் ஆணையத்தின் ஆதரவோடு டிஎச்ஆர்ஆர்ஏ அமைப்பு வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, தீபகற்பத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்களாகப் பதிவானார்கள். பெரும்பாலோர் தமிழர், இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்!

இந்த மண்ணில் பிறந்தவருக்கு எப்படிக் காகிதம் இல்லாமல் போகும் என்று கேட்பீர்கள். தோட்டத்து வாழ்க்கையைத் தெரிந்தவர் கேட்க மாட்டார். பிள்ளை லயத்திலேயே பிறந்திருக்கும். மருத்துவச்சிக்கு எழுதத் தெரியாது. தாலி மாரியம்மன் கோயிலில் கட்டியாயிற்று, அதற்கு மேல் என்ன பதிவு? ஆனால் 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, தெரியுமா? பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டத்தின் கண்ணில் தகப்பன் கணக்கில் இல்லை. தாயின் நிலையே பிள்ளையின் நிலை. தகப்பன் கையில் நீல ஐசி இருந்தாலும், தாயிடம் காகிதம் இல்லையென்றால் பிள்ளை தடுமாற வேண்டியதுதான். பின்பு ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள், வீடமைப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள், லயங்களை இடித்தார்கள். தோட்டத்து ஆபீஸ் போனது, பேர் டாப்பும் போனது. ‘இவள் இங்கேதான் பிறந்தாள்’ என்று சாட்சி சொல்ல மிச்சமிருந்த கிழவியும் போய்ச் சேர்ந்தாள்.

இனி மறுபக்கம், ஆவணமின்றி இங்கே வேலை செய்யும் அயல்நாட்டவர் பக்கம். எல்லைக் காவலும் சட்டபூர்வ நிலையும் ஒன்றாக வேண்டும் என்று உலகமே பேசுகிறது. அமெரிக்காவில் 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் ஒரு பக்கம் ஆவணமற்றவரை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை, இன்னொரு பக்கம் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை என்று இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டியது. மலேசியாவும் அதைச் செய்து பார்த்தது, தெரியுமா? 2011-ன் 6பி திட்டம்! பதிவு, சட்டபூர்வமாக்கல், பொதுமன்னிப்பு, கண்காணிப்பு, அமலாக்கம், வெளியேற்றம் என்று ஆறும் ஒரே திட்டத்தில். மலாயில் ஆறும் ‘பி’யில் தொடங்கும் சொற்கள். 23 லட்சம் அயல்நாட்டவர் கைரேகை பதித்தார்கள். அவர்களில் 13 லட்சம் பேர் ஆவணம் இல்லாதவர்கள்! அவ்வளவு பேரை ஒரு நாடு சில வாரங்களில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது சாதாரணச் செய்தியா? ஆனால் கிடைத்தது தற்காலிக பெர்மிட். அதற்கும் ஏஜெண்டுகளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர்கள் ஏராளம். பிறகு ரீஹைரிங், 2020-ல் ரெக்காலிபிரேஷன், 2023-ல் அதன் இரண்டாம் சுற்று. எல்லாவற்றிலும் வேலையில் நீடிக்க விண்ணப்பம் போட வேண்டியிருந்தவர் முதலாளி. தொழிலாளி தாமாகப் போய் நிற்க முடியவில்லை. மனைவி மக்களைக் கூட்டிவரவும் முடியவில்லை. 2024 மார்ச்சில், நாடு திரும்ப விரும்புவோர் 500 ரிங்கிட் அபராதத்தோடு போகலாம் என்றார்கள். பிடிபட்டால்? குடிநுழைவுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு ரோத்தான் அடி வரை உண்டு!

எல்லைக் காவல் வேண்டாம் என்று சொல்ல என் நெஞ்சு ஒப்பாது. 2015-ல் பெர்லிஸ் எல்லையில் வாங் கெலியான் காட்டில் என்ன கிடைத்தது தெரியுமா? ஆள்கடத்தல்காரர்களின் முகாம்களும் 139 புதைகுழிகளும். காவல் பலமாக இருந்திருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்கும். அதே நேரம், நம் பேராக்கின் பீடோரைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 1 இரவு, அங்கிருந்த குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பி ஓடினார்கள். அவர்களில் 115 பேர் ரோஹிங்கியா, எந்த நாடும் தன் ஆள் என்று சொல்லாத மக்கள். ஒருவர் நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தார். திருப்பி அனுப்ப நாடே இல்லாத ஒருவரை முகாமில் பூட்டி வைத்து எதற்காகக் காத்திருப்பது? வேலி பலமாக இருக்கட்டும். அதில் ஒரு வாசலும் இருக்கட்டும். வாசல் இல்லாத இடத்தில் ஏஜெண்டும் ஆள் கடத்தும் தெக்கோங்கும் பிழைப்பு நடத்துகிறார்கள்.

கடைசியாக ஒன்று. 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் 206 உறுப்பினர்களின் ஆதரவோடு குடியுரிமைத் திருத்தம் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்க்கும் தகப்பனுக்குள்ள அதே உரிமை! ஆண்டுக்கணக்கில் போராடிய தாய்மாரின் வெற்றி அது. எந்த நாட்டுக் குடிமகனாகவும் பிறக்காத பிள்ளைக்கு, மண்ணில் பிறந்ததற்காகவே குடியுரிமை தரும் வரியையும் எடுத்துவிடப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள். ஆனால் அதே திருத்தத்தில் இன்னொன்று போய்விட்டது, தெரியுமா? நிரந்தரவாசியின் பிள்ளை இங்கே பிறந்தால் தானாகக் குடியுரிமை என்ற ஏற்பாடு. மேலே சொன்ன அந்த ‘இளையவரை’க் குடிமகனாக்கியது அந்த ஏற்பாடுதான்! சிவப்பு ஐசிக் குடும்பங்களுக்கு எத்தனை தலைமுறை கைகொடுத்த வழி அது. அதை எடுத்தது தவறு என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சிவப்பு, பச்சை ஐசி வைத்திருப்பவர் இருக்கிறாரா? பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பெற்றோரின் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), கிடைக்கிற எல்லாவற்றையும் இன்றே தேடி எடுங்கள். கோயிலில் தாலி கட்டியவர்கள் திருமணத்தைப் பதியுங்கள், பிறந்த குழந்தையை நாள் கடத்தாமல் பதியுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாத பெரியவரைத் தேசியப் பதிவு இலாகாவுக்குத் தனியாக அனுப்பாமல், நீங்களும் கூடவே போங்கள்.